பிரையர் பைப்: செய்பவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைப் செய்கிறேன் என்று சொன்னால், "பி.வி.சி.யா, ஜி.ஐ.யா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் லேத்தும் கையுமாக இருப்பவனிடம் வேறு என்ன கேட்பார்கள்! புகையிலை பைப், பிரையர் என்ற மரத்தில் செய்வது என்று விளக்கியதும் அடுத்த கேள்விகள் வரிசையாக வரும். பல வருடங்களாக வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இதற்குத் தமிழில் பெயரே கிடையாதா?

உண்டு, சுங்கான். இலங்கைத் தமிழில் நன்றாகப் புழங்கும் சொல். தமிழ்நாட்டில் சுங்கான் என்றால் விழிப்பார்கள், பைப் என்றால்தான் புரியும். அதனால் நானும் பைப் என்றே எழுதுகிறேன். புகையிலை போடும் குழிவான பகுதி கிண்ணம், அதிலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு, வாயில் வைப்பது வாய்முனை. இந்த மூன்று பெயர் போதும்.

(நமக்கும் இந்தத் துறையில் ஒரு பங்கு உண்டு. சுருட்டு என்ற தமிழ்ச் சொல்தான் கப்பலேறிப் போய் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. பைப் செய்யும் கலையில் மட்டும் நாம் வெறும் வேடிக்கை பார்த்தவர்கள்.)

பிரையர் என்பது ஒருவகை ரோஜா முள்செடி என்று படித்தேனே?

ஆங்கில அகராதி செய்யும் குழப்பம். முள்செடிக்கும் அதே பெயர்தான். பைப் பிரையர் 'புருயேர்' என்ற பிரெஞ்சுச் சொல் திரிந்து வந்தது. செடியின் தாவரவியல் பெயர் எரிக்கா ஆர்போரியா. மத்தியதரைக்கடலைச் சுற்றிய வறண்ட மலைச்சரிவுகளில் புதராக வளர்வது. இத்தாலியின் கலாப்ரியா, லிகூரியா, டஸ்கனி, சார்டினியா, பிரான்சின் கோர்சிகா, கிரீஸ், ஸ்பெயின், அல்ஜீரியா, மொராக்கோ என்று அந்தக் கடலோரம் முழுக்க இருக்கிறது.

பைப்புக்கு வேண்டியது அதன் கிளையும் அல்ல, அடிமரமும் அல்ல. தண்டும் வேரும் சேருமிடத்தில் மண்ணுக்குள் ஒரு முண்டு திரண்டிருக்கும். அதுதான் சரக்கு. அந்த மலைகளில் கோடைக்காலக் காட்டுத்தீ வழக்கமான ஒன்று. மேலே இருப்பதெல்லாம் கருகினாலும் செடி மறுபடி துளிர்க்கத் தேவையான நீரையும் சத்தையும் இந்த முண்டு சேர்த்து வைத்திருக்கும். தீயைத் தாண்டிப் பிழைக்கவே உருவான உறுப்பு. அதைத் தோண்டி எடுத்து, குடைந்து, உள்ளே தீ வைக்கிறோம்.

பைப்புக்கு ஆகும் அளவுக்கு முண்டு திரள முப்பது, நாற்பது வருடமாவது பிடிக்கும். இதைத் தோட்டம் போட்டு வளர்ப்பதில்லை. காட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முண்டு எப்படிக் கட்டையாகிறது?

என்னைக் கேட்டால் ஒரு பைப்பின் பாதி விதி இங்கேயே முடிந்துவிடுகிறது. செய்பவனின் பெயரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கட்டை அறுத்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை.

குளிர்ந்த மாதங்களில் தோண்டுவார்கள். முண்டு மண்ணைவிட்டு வெளியே வந்த நொடியிலிருந்து அதற்கு எதிரி காற்று. வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக இருந்தால் வெடித்துவிடும். எனவே கொண்டுவந்ததும் நிழலில் குவித்து, சாக்கோ மண்ணோ போட்டு மூடி, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு ரம்பப் பட்டறை. வட்ட ரம்பத்தின் முன்னால் உட்கார்ந்து, காவல்தகடு எதுவும் இல்லாமல், வெறுங்கையால் முண்டைத் திருப்பித் திருப்பி அறுக்கிறார்கள். நடுவே உள்ள சிவந்த வைரம் பைப்புக்கு ஆகாது. விரிசல், கல் சிக்கிய இடம், அழுகல் எல்லாவற்றையும் தள்ளி, எது தேறும் என்று ஒவ்வொரு அறுப்பிலும் முடிவெடுக்க வேண்டும். ஒரு கூடை முண்டில் கழிவுதான் பெரும்பங்கு.

அறுத்து வருவதில் இரண்டு வகை. முண்டின் உட்பகுதியிலிருந்து பைப்பின் உருவத்தை ஒட்டி அறுத்த சிறு கட்டைகளுக்கு எபோஷோன் என்று பெயர். தொழிற்சாலைப் பைப்புகள் பெரும்பாலும் இவற்றில்தான். முண்டின் வெளிவிளிம்பிலிருந்து, மேலே பட்டையின் கரடுமுரடு ஒட்டியபடியே வரும் பெரிய துண்டு பிளாட்டோ. கையால் செய்பவர்கள் இதைத்தான் தேடுவார்கள். காரணம் ரேகை, அதாவது மரத்தில் தெரியும் நாரோட்டம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்தது வேகவைப்பது. பெரிய தொட்டிகளில் அரை நாளுக்குக் குறையாமல் கொதிக்க வைக்கிறார்கள். துவர்ப்பும் சாறும் இறங்கித் தண்ணீர் செங்காவி நிறமாகிவிடும். இந்த வேலையில் அவசரப்பட்டிருந்தால் பல மாதம் கழித்துப் புகைப்பவர் வாயில் கசப்பாகத் தெரியும். பின் இருட்டான அறையில் மெல்ல மெல்ல உலர்த்தல். மாதக் கணக்கு, நல்ல பட்டறைகளில் வருடக் கணக்கு. என்னிடம் வரும் கட்டையை நான் இன்னும் ஒரு வருடம் அலமாரியில் போட்டுவைப்பேன். எடை குறைவது நின்றால்தான் லேத்தில் ஏற்றுவேன்.

கருங்காலி, தேக்கு, புளி… நம்மூர் மரத்தில் செய்யக் கூடாதா?

செய்து பார்க்காமல் இதைச் சொல்லவில்லை. தேக்கில் எண்ணெய் அதிகம். சூடேறினால் அந்த வாடை வந்துகொண்டே இருக்கும். கருங்காலி கனமான மரம்தான், ஆனால் சூட்டில் வெடிக்கிறது. புளியங்கட்டை கிண்ணத்தின் அடியில் கருகி ஓட்டையானது. அரளி போன்ற நச்சு மரங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பிரையருக்கு மூன்று குணங்கள் ஒன்றாக வாய்த்திருக்கின்றன. அடர்த்தியாக இருந்தும் நுண்துளைகள் வழியே ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். சிலிக்கா கலந்திருப்பதால் சட்டென்று தீப்பிடிக்காது. நன்றாக வேகவைத்தால் சொந்த ருசி எதையும் காட்டாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் களிமண் பைப், செர்ரி மரப் பைப், துருக்கியின் எஸ்கிஷெஹிரில் தோண்டும் மீர்ஷாம் என்ற வெண்ணிறக் கனிமத்தில் செதுக்கிய பைப் எல்லாம் புழங்கின. களிமண் சுடும், கீழே விழுந்தால் போச்சு. மீர்ஷாம் அருமையானது, ஆனால் விலை அதிகம், அதுவும் உடையும். பிரையரைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அது ஜெயித்த கதை அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப்போரில் மத்தியதரைக்கடல் வழி அடைபட்டதும் அமெரிக்கர்கள் தங்கள் மலை லாரல் செடியையும் கலிபோர்னியாவின் மன்சனீட்டாவையும் பைப்பாக்கிப் பார்த்தார்கள். போர் முடிந்ததும் ஓசையில்லாமல் பிரையருக்கே திரும்பிவிட்டார்கள். அதைவிடச் சான்று வேண்டுமா?

கையால் செய்தது என்கிறீர்கள், லேத் எதற்கு?

நியாயமான கேள்வி. கையால் என்றால் கத்தியும் அரமும் மட்டும் என்று பொருளல்ல. ஒரே ஆள், ஒரு கட்டை, ஒவ்வொரு முடிவும் அந்தக் கட்டையைப் பார்த்து எடுத்தது என்று பொருள். பிரான்சின் ஜூரா மலையில் உள்ள சேன்ட் குளோட் ஊர் 1850களிலிருந்து பிரையர் பைப்பின் தலைநகர். அங்கே மரக்கடைசல் அதற்கு முன்பே பரம்பரைத் தொழில். அந்த ஊர் உலகத்துக்குக் கற்றுத்தந்தது வேலைப் பகிர்வு. ஒருவர் கிண்ணம் கடைவார், ஒருவர் தண்டு, ஒருவர் மெருகு. ஒரே அச்சில் ஆயிரம் பைப் வரும். அதில் இழிவு ஒன்றுமில்லை. என் மேசையில் இருக்கும் பழைய பிரெஞ்சுத் தொழிற்சாலைப் பைப் ஒன்று, பெயர்பெற்ற சில கைவேலைகளைவிட நன்றாக இழுக்கும்.

வித்தியாசம் இதுதான்: தொழிற்சாலையில் வடிவம் முதலில், கட்டை பிறகு. வடிவத்துக்கு ஒத்துவராத கட்டை கழிக்கப்படும் அல்லது ஒட்டுப்போடப்படும். கைவேலையில் கட்டை முதலில்.

அப்படியானால் நல்ல பைப்பில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

வெளியே பார்ப்பதை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு உள்ளே பாருங்கள். பைப் என்பது ஒரு ஓட்டை. அதைச் சுற்றி மரம் இருக்கிறது, அவ்வளவே. வாடிக்கையாளர் பணம் கொடுப்பது மரத்துக்கு. பைப் நன்றாக இருப்பதும் இல்லாததும் ஓட்டையின் கையில்.

கிண்ணத்தின் உட்குழி வழக்கமாக 19 அல்லது 20 மி.மீ. விட்டம், 35 முதல் 45 மி.மீ. ஆழம். அதன் அடியிலிருந்து தண்டு வழியாக ஓடும் காற்றுத்துளை கிட்டத்தட்ட 4 மி.மீ. இந்தத் துளை உட்குழியின் தரையில், நட்ட நடுவில், கச்சிதமாக வந்து சேர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலே வந்தால் அடியில் உள்ள புகையிலை எரியாது. ஈரக்கூழாகத் தங்கி நாறும். கீழே இறங்கினால் தரையில் பள்ளம் விழுந்து, அங்கே சூடு சேர்ந்து, என்றைக்காவது மரம் கருகும். என் முதல் பைப்பில் துளை மூன்று மில்லிமீட்டர் மேலே வந்தது. வெளியே பார்க்க அம்சமாக இருந்தது என்று அதை ஒருவருக்குப் பரிசாகவும் கொடுத்துவிட்டேன். இன்றும் அவரைப் பார்த்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

அடுத்து, தண்டும் வாய்முனையும் சேருமிடம். வாய்முனையில் முளை, தண்டில் அதற்கான குழி. தச்சர்கள் கதவுச் சட்டத்தில் கழுந்து இறக்குவதுபோலத்தான். முளையின் நுனிக்கும் குழியின் தரைக்கும் நடுவே இடைவெளி விட்டால் புகை அங்கே சுழன்று குளிர்ந்து நீராகிவிடும். இழுக்கும்போது "களகள" என்று ஹூக்கா சத்தம் கேட்கும். வெளியே இரண்டும் முட்டும் கோட்டில் வெளிச்சம் தெரியக் கூடாது. விளக்கெதிரே பிடித்துப் பாருங்கள். இதற்காகத் தண்டின் முகத்தைச் சமமாக்குவது, குழி இடுவது, காற்றுத்துளை போடுவது மூன்றையும் கட்டையை லேத்திலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிப்போம். கழற்றி மாட்டினால் அச்சு விலகிவிடும்.

கடைசியாக வாய்முனையின் உள். 4 மி.மீ. வட்டத்துளையின் பரப்பு சுமார் 12.5 சதுர மி.மீ. அது வாயருகே தட்டையான விசிறியாக விரிய வேண்டும். அங்கே உயரம் 1.5 மி.மீ. என்றால் அகலம் 8 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் பரப்பு குறையாது, இழுப்பு மாறாது. பல்லுக்கு இடையே பிடிக்கும் இடத்தில் வாய்முனையின் மொத்தக் கனமே 4 மி.மீ.தான். அப்படியானால் மேலேயும் கீழேயும் மிஞ்சும் சுவர் ஒன்றேகால் மில்லிமீட்டர். இந்த இடத்தைச் சிறு வாள்போன்ற ஊசி அரத்தால் கண்ணுக்குத் தெரியாமல், விரல் உணர்வை நம்பி ராவுவோம். ஒரு பைப்புக்குச் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி வாய்முனைக்குத்தான் போகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கடையில் சோதிக்க எளிய வழி: பைப்பைத் துடைக்கும் பஞ்சுக்கம்பி ஒன்றை வாய்முனை வழியே, எதையும் கழற்றாமல், உள்ளே விடுங்கள். எங்கும் முட்டாமல் கிண்ணத்தின் தரையில் எட்டிப்பார்த்தால் செய்தவருக்கு வேலை தெரியும்.

வளைந்த பைப்பில் துளை எப்படி வளைந்து போகிறது?

போகாது. ட்ரில் நேராகத்தான் போகும். மரத்துக்குள் நேர்கோடு, வளைவெல்லாம் வெளித்தோற்றமும் வாய்முனையும் காட்டும் ஜாலம். தண்டின் முகத்திலிருந்து கிண்ணத்தின் தரைக்கு ஒரு நேர்கோடு மரத்துக்குள்ளேயே அடங்குமாறு வடிவத்தை வரைய வேண்டும். வாய்முனை நேராகச் செய்யப்பட்டு, பிறகு சூடாக்கி வளைக்கப்படுகிறது. வளைக்கும்போது உள்ளே பஞ்சுக்கம்பி ஒன்றை விட்டுவைத்தால் துளை நசுங்காது.

ரேகை ரேகை என்று உயிரை விடுகிறார்களே, அதனால் ருசி கூடுமா?

கூடாது. கண்ணுக்கு விருந்து, விலைக்கு ஏணி.

முண்டின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி நார்கள் கதிர்போல ஓடும். அந்த ஓட்டத்தைப் பக்கவாட்டில் அறுத்தால் கோடு கோடாகத் தெரியும், குறுக்கே அறுத்தால் சின்னச் சின்ன வளையங்களாக. வளையங்களுக்குப் 'பறவைக்கண்' என்று பெயர். பிளாட்டோ கட்டையில் நார்கள் அடியிலிருந்து மேலே பட்டை நோக்கி விரிவதால், கிண்ணத்தைச் சரியாக நிறுத்தினால் சுற்றிலும் செங்குத்துக் கோடுகளும் விளிம்பிலும் அடியிலும் பறவைக்கண்ணும் கிடைக்கும். நான்கு பக்கமும் ஒரு கோடு பிசகாமல் நிற்கும் கிண்ணம் அபூர்வம்.

அதை அடைய வேண்டுமானால் கட்டையை நனைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் கிண்ணம், எந்தப் பக்கம் தண்டு என்று முடிவெடுக்க வேண்டும். நான் கட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதை வேலையாக வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பைப்பில் ஊசிமுனைக் குழி ஒன்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். பிரையர் கல்லும் மண்ணும் நடுவே வளர்ந்தது. உள்ளே மணல்குழி இல்லாத முண்டே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்றுநாள் வேலை முடிந்து, கடைசி உப்புத்தாள் தேய்ப்பில், கிண்ணத்தின் நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளி எழுந்து நிற்கும். இன்னும் அரை மில்லிமீட்டர் தேய்த்தால் போய்விடும் என்று மனசு சொல்லும். தேய்த்தால் அது பெரிதாகும்.

இப்போது செய்பவனுக்கு வழிகள் சில. வடிவத்தையே மாற்றி அந்த இடத்தை வெட்டிவிடலாம். வெளிப்புறத்தைச் சொரசொரப்பாக்கலாம். குழியை அப்படியே விட்டுவிட்டு விலையைக் குறைக்கலாம். அடுப்பில் போடலாம். மலிவு பைப்பில் மாவுக்கலவை அடைத்து மேலே அடர்நிறம் பூசுவார்கள். வெயிலில் பார்த்தால் அந்த இடம் மட்டும் உயிரில்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். அடைப்பு இருக்கிறது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் பிசகு. மேற்பரப்பில் உள்ள சிறு குழியால் பைப்பின் உழைப்புக்கு ஒரு கேடும் இல்லை. உட்குழியில் இருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

அப்படியானால் சொரசொரப்பான பைப்பெல்லாம் குறையை மறைத்ததா?

தொடக்கம் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் லண்டனின் ஆல்ஃபிரட் டன்ஹில் 1917இல் மணலூதும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். அதற்கு 'ஷெல்' என்று பெயரிட்டு மதிப்புள்ள சரக்காகவே விற்றார். அழுத்தக் காற்றோடு பொடியை மரத்தில் அடிக்கும்போது மெத்தென்ற பகுதி அரிந்து, கெட்டியான வளர்ச்சி வளையங்கள் மட்டும் மேடாக நிற்கும். கிண்ணத்தைச் சுற்றி வரப்பு வரப்பாக வளையம் ஏறினால் அதுவும் நல்ல கட்டைக்கு அடையாளம்தான். மேல்பரப்பு கூடுவதால் கையில் சூடும் குறைவாகத் தெரியும்.

உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவது வேறு முறை. மிலான் அருகே கான்டூ ஊரில் 1947இல் கார்லோ ஸ்காட்டி தொடங்கிய கஸ்டெல்லோ பட்டறையின் 'ஸீ ராக்' வகை, அலை அரித்த பாறைபோல இருக்கும். வழவழப்பான பைப்பைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சொந்த ரசனை.

வாய்முனை எபோனைட்டா, அக்ரிலிக்கா?

எபோனைட் என்றால் ரப்பரோடு கந்தகம் சேர்த்து இறுகவைத்தது. பல்லுக்கு இதமாக இருக்கும், கடித்தால் லேசாக விட்டுக்கொடுக்கும். குறை என்னவென்றால் வெயில் பட்டால் கந்தகம் மேலே வந்து பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும், வாடையும் வரும். அக்ரிலிக் கடைசிவரை பளபளக்கும், ஆனால் கல்லைக் கடிப்பதுபோல இருக்கும். விலையுயர்ந்த கைவேலைகளில் ஜெர்மன் எபோனைட் கம்பிகளே அதிகம்.

நமக்கு எபோனைட் புதிதல்ல. திருவள்ளூரிலும் ஆந்திராவின் ராஜமுந்திரியிலும் எபோனைட் கம்பியைக் கையால் கடைந்து மைப்பேனா செய்பவர்கள் இருக்கிறார்கள். லேத்தில் எபோனைட்டின் சுருள் எப்படி வர வேண்டும், எப்போது உளி சூடேறிவிட்டது என்பதை நான் கற்றது பேனா கடைபவர்களிடம்தான். எரியும் டயரைப்போல ஒரு வாடை அடிக்கும். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும்.

டென்மார்க் பைப் என்றால் ஏன் அத்தனை மரியாதை?

ஒரு மனிதரால். சிக்ஸ்டன் இவார்சன், 1910இல் ஸ்வீடனில் பிறந்தவர். கோபன்ஹேகனில் பைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தார். உடைந்த பைப்பாக ஆயிரம் பார்த்ததால் எது ஏன் உடைகிறது, எது ஏன் நன்றாக இழுக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. பிறகு தானே செய்யத் தொடங்கியபோது வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். அதுவரை முதலில் துளை, பிறகு அதைச் சுற்றி வடிவம். அவர் ரேகையைப் பார்த்து வடிவத்தை முதலில் தேய்த்தெடுத்து, பிறகு அதற்குள் துளை போட்டார். சொல்லும்போது சின்ன விஷயம். ஆனால் அந்த நொடியோடு பைப் லேத்தின் அச்சிலிருந்து விடுதலையானது. ஒருபக்கம் சாய்ந்தது, சமச்சீர் இல்லாதது, மூங்கில் கணுவைத் தண்டாகக் கொண்டது எல்லாம் அதன்பின் அலையாக வந்தன.

போர்க்காலத்தில் பிரையர் இல்லாமல் பீச் மரத்தில் பைப் செய்துகொண்டிருந்த ஸ்டான்வெல் நிறுவனம் அவரை வடிவமைப்பாளராக அழைத்துக்கொண்டது. அதனால் சாதாரண வேலைக்காரர் கையிலும் அவருடைய வடிவங்கள் கிடைத்தன. அவருடைய மகன் லார்ஸ் இவார்சனும் பேத்தி நன்னாவும் அதே தொழில். ஜப்பானின் ஹிரோயுகி டோகுடோமி அங்கே போய்க் கற்று வந்தார். ஸ்வீடனின் போ நோர்த் இளமையில் மோட்டார்சைக்கிள் விபத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பைப் செய்தவர். அவருடைய 'யானைக்கால்' வடிவத்தைப் பார்த்தால் பெயருக்கு விளக்கம் வேண்டாம்.

பில்லியர்ட், டப்ளின் என்றெல்லாம் சொல்கிறார்களே?

வடிவங்களின் பெயர்கள். பில்லியர்ட் என்பது நேர்க்கிண்ணம், நேர்த்தண்டு. மனக்கண்ணில் பைப் என்றால் வருவது. ஆப்பிள் உருண்டை, டப்ளின் மேலே விரிந்த கூம்பு, புல்டாக் இடுப்பில் இரட்டைக்கோடு போட்டது, போக்கர் அடி தட்டையாக மேசையில் நிற்பது. எளிமையான பில்லியர்ட்தான் கடினம் என்பது செய்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். நெளிவு சுளிவான வடிவத்தில் பிழையை ஒளிக்கலாம். பில்லியர்டில் ஒளிய இடமில்லை.

பளபளப்பு வார்னிஷா?

நல்ல பைப்பில் கிடையாது. வார்னிஷ் மரத்தின் வாயை அடைத்துவிடும். சூட்டில் கொப்புளிக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தை முதலில் கறுப்பாகப் பூசித் தேய்த்து எடுப்போம். மெத்தென்ற நாரில் கறுப்பு தங்கும், கெட்டியான இடத்தில் போய்விடும். அதன்மேல் தேன்நிறமோ செந்நிறமோ. இறுதியில் பிரேசில் பனையிலிருந்து வரும் கார்னௌபா மெழுகைச் சுழலும் துணிச்சக்கரத்தில் ஏற்றித் தேய்ப்பது. சிலர் மெல்லிசாக அவலரக்கும் பூசுவார்கள்.

புது பைப்பின் உட்குழியில் கறுப்பாகப் பூசியிருக்கிறதே?

முதல் சில தடவை மரம் கருகாமல் காக்க. கரித்தூளைச் சிலிக்கேட் கரைசலில் குழைத்துப் பூசுவது ஒரு முறை. இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள், கரித்தூளை மோரில் குழைப்பது! பல வெளிநாட்டுப் பட்டறைகளில் நடப்பதுதான். எங்கள் வீட்டு மோர் பைப்புக்குப் போவதைப் பற்றி அம்மா இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைத்தான் காட்டினார்.

விலை ஏன் இவ்வளவு?

நல்ல பிளாட்டோ கட்டை ஒன்றே சில ஆயிரம் ரூபாய். இரண்டு மூன்று நாள் வேலை. நடுவில் குழி எழுந்து வீணாகும் கட்டைகளின் செலவும் தேறியதன் தலையில்தான். இது ஒரு சில நூறு டாலர் வரை நியாயம். ஆயிரக்கணக்கில் போனால் அதற்குமேல் நீங்கள் கொடுப்பது பெயருக்கும் ரேகைக்கும். தவறென்று சொல்லவில்லை, தெரிந்து கொடுங்கள்.

நானே ஒன்று செய்து பார்க்கலாமா?

தாராளமாக. துளைகள் போட்டு, வாய்முனையும் மாட்டிய கட்டை விற்கிறார்கள். ஓட்டை வேலை முடிந்துவிட்டதால் வடிவம் மட்டும் உங்கள் பொறுப்பு. கோப்பிங் ரம்பம் (வளைவாக அறுக்கும் சிறு ரம்பம்), அரை வட்ட அரம், 120 முதல் 600 வரை உப்புத்தாள், பொறுமை. லேத் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: தேய்க்கும் ஆசையில் கிண்ணத்தின் சுவரை ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். வாய்முனை மாட்டியபடியே தண்டையும் சேர்த்துத் தேயுங்கள். கழற்றித் தேய்த்தால் சேருமிடத்தில் மேடு பள்ளம் வந்துவிடும். முகமூடி கட்டாயம். பிரையர்த் தூளும் எபோனைட் தூளும் நெஞ்சுக்கு ஆகாது.

நெஞ்சு என்றதும் கேட்கிறேன். பைப் சிகரெட்டைப்போலக் கெடுதல் இல்லையாமே?

கெடுதல்தான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாய்வழியாகவே ஏறும். வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு வழி திறந்துதான் இருக்கிறது. நான் புகைப்பதை விட்டுப் பல வருடமாகிறது. இழுப்பைச் சோதிக்க வெறும் பைப்பை ஊதிப் பார்ப்பதோடு சரி. இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை என்பதையும் மறக்க வேண்டாம், பைப்புக்கு விலக்கு இல்லை.

தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவருடைய பைப் ஒன்று பெட்டியில் கிடைத்தது. என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். முதலில் எதையும் தேய்க்காதீர்கள். தண்டின் பக்கவாட்டில் எழுத்து பொறித்திருக்கும். சாய்வாக வெளிச்சம் விழவைத்துப் படியுங்கள். வாய்முனையின் மேல் வெள்ளைப்புள்ளி ஒன்று இருந்தால் டன்ஹில்லாக இருக்கலாம். எது மேல்பக்கம் என்று காட்ட 1912 வாக்கில் வைக்கத் தொடங்கிய அடையாளம் அது. பிற்பாடு பல பேர் புள்ளி வைத்தார்கள், ஆகவே எழுத்தைத்தான் நம்ப வேண்டும். வாய்முனையின் துளை நுனியில் அல்லாமல் மேல்பக்கம் பார்த்தபடி இருந்தால் டப்ளின் நகரத்துப் பீட்டர்சன் நிறுவனத்துடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1898இல் வந்த அவர்களுடைய வடிவம் அது. மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் இந்த எழுத்து ஒரே நிமிடத்தில் அழிந்துவிடும், மதிப்பும் அதோடு போகும்.

வாய்முனையை முறுக்கி எடுங்கள், வளைத்து இழுக்காதீர்கள். வரவில்லையென்றால் ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். உட்குழியில் கரி தடித்திருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டுவிட்டு மீதியைச் சுரண்டுங்கள். மரம் தெரியுமட்டும் சுரண்டக் கூடாது. பழைய வாடை போகக் கிண்ணத்தில் உப்பை நிரப்பி, சாராயச் சத்தை, அதாவது எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வையுங்கள். வெளிப்பக்கம் வழியவிடாதீர்கள், சாயமும் அரக்கும் கரைந்துவிடும். காலையில் உப்பு காப்பித்தூள் நிறத்தில் இருக்கும்.

வாய்முனையில் பல்தடம் இருக்கும். அதைச் சூடுகாட்டி எழுப்பி, சமன்செய்து தரலாமா என்று பலர் கேட்கிறார்கள். எபோனைட்டாக இருந்தால் முடியும், ஒருமணி நேர வேலை. போனமாதம் ஒருவர் அப்படித்தான் கேட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் பட்டறையைத் திறப்பதற்குமுன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பல்தடத்தை மட்டும் விட்டுடுங்கண்ணா" என்றார். நல்லவேளை, தொட்டிருக்கவில்லை.